துடுப்புக் காசில் எழுந்த கோயில்

ராயபுரம் என்றால் எழுதுகிறவர்களுக்கு முதலில் ரயில் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடத் தொடங்கியது. அந்த நிலையத்தின் உயரமான தூண்களைப் படம் பிடிக்காத பத்திரிகை இல்லை. அது நல்ல கட்டடம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த ரயில் வருவதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்பே, 1820-களில், அதே ஊரில் ராயப்பருக்கு ஒரு கோயில் எழும்பிவிட்டது. அதை எழுப்பியவர்கள் படகோட்டிகள். ஊரின் பெயரே அந்த ராயப்பரிடமிருந்து வந்தது. புனித பேதுருவைத்தான் எங்கள் பாட்டன் பாட்டிகள் ராயப்பர் என்றார்கள்.

"வெள்ளக்காரன் ரயிலு உட்டான். நம்ம ஆளுங்க அதுக்கு முன்னாடியே கோயிலு கட்டிட்டாங்க. எல்லாம் துடுப்பு போட்ட காசு" என்று ஆயா சொல்லும். என் அம்மாவைப் பெற்ற ஆயா. அது எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. காசிமேட்டில் கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தது. வரலாறு என்று எனக்கு யாராவது முதலில் சொல்லிக் கொடுத்திருந்தால் அது ஆயாதான். அது சொன்னதைப் பிறகு புத்தகங்களில் தேடிப் பார்த்தபோது பெரும்பகுதி சரியாகவே இருந்தது.

துடுப்புக் காசு என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்னைப் பட்டணத்துக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலைகள் வரிசை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும். ஆணி அடித்துச் செய்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிக்கினால் தரை தட்டிப் பிளந்துவிடும். அதனால் கவர்னராக வந்தாலும் கூலிக்கு வந்தாலும், கரை சேர வேண்டுமென்றால் எங்கள் ஆட்களின் மசூலாப் படகில்தான் ஏற வேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. அடிப்பாகம் தட்டையாக இருக்கும். பின்னால் ஒருவர் நீளமான துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு அலையின் தருணம் பார்ப்பார். அவர் குரல் கொடுத்ததும் மற்றவர்கள் ஒரே மூச்சாகத் துடுப்பு போடுவார்கள். பக்கத்தில் கட்டுமரம் கூடவே வரும், யாராவது கடலில் விழுந்தால் தூக்குவதற்கு. கம்பெனியின் துணி மூட்டை, சாராயப் பீப்பாய், குதிரை, கடிதப் பை, துரைசானி அம்மாக்கள் எல்லாம் இப்படித்தான் இறங்கினார்கள். சென்னை வழியாக நடந்த கடல் வாணிபம் முழுவதும் இந்தத் தைத்த படகுகளின் மீது இருந்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை. அந்த வேலைக்குக் கிடைத்த கூலிதான் துடுப்புக் காசு.

குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அந்தப் படகோட்டிகள் கத்தோலிக்கர்கள். ராயபுரம் அன்று பட்டணமே இல்லை. கோட்டைக்கும் கறுப்பர் நகரத்தின் மதிலுக்கும் வடக்கே மணலும் குப்பமுமாக இருந்த கடலோரம். ஆகவே அந்தக் கோயில் ஒரு கிராமத்துக் கோயிலாகத்தான் பிறந்தது. அதைச் சுற்றிப் பிறகு நகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாதா கோயில் தெருக்களில் நடந்தால் இப்போதும் அந்தக் கிராமத்தின் அமைப்பு தெரியும். கோயிலைத் தொட்டபடி வீடுகள், வீட்டுத் திண்ணையில் பழகும் முகங்கள், பூசை மணி கேட்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு புறப்படும் பெண்கள்.

என் தாத்தாவின் தம்பி கொத்தனார். சின்ன தாத்தா என்று கூப்பிடுவோம். எனக்குக் கட்டடங்களைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். திருவிழாவுக்கு முன்னால் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சுண்ணாம்பு என்றால் மலைக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு இல்லை, கிளிஞ்சல் சுண்ணாம்பு. எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் சேற்றைக் கிளறி எடுத்த கிளிஞ்சலைக் காளவாயில் போட்டு நீற்றியது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் கால்வாய் வெட்டினார்கள். பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறிய அதே கால்வாய்தான். அதில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் தோணி தோணியாகப் பட்டணத்துக்கு வந்தன. பழைய சென்னையின் வெள்ளைச் சுவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் எண்ணூர்த் தண்ணீருக்கு அடியில் உயிரோடு இருந்தவை. இதைச் சின்ன தாத்தா சொன்ன நாளிலிருந்து எந்தச் சுவரையும் என்னால் வெறும் சுவராகப் பார்க்க முடியவில்லை.

அந்தக் காலத்துப் பூச்சைப் பற்றிப் பேசினால் அவர் நிறுத்த மாட்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சலித்து, ஊறவைத்து, அரைத்து, தடவைக்கு மேல் தடவையாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேரும். பூசியபின் மாக்கல் பொடி தூவி, வழவழப்பான கல்லால் கை ஓயும் வரை தேய்ப்பார்கள். சலவைக்கல் என்று நினைத்து வெள்ளைக்காரர்களே தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று அதற்கு உலகம் முழுவதும் பெயர் இருந்தது. கூரையும் அப்படித்தான். தேக்கு உத்தரங்களை அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய அச்சுக்கற்களைச் சாய்வாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பெண்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பாட்டு இல்லாமல் அந்தத் தட்டு நடக்காது. எழும்பூரில் 1821-இல் திறந்த ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்துக்கு, மண் இளகலாக இருந்ததால் சுட்ட மண் உறைகளை இறக்கி அஸ்திவாரம் போட்டார்கள். அதே பத்தாண்டில்தான் எங்கள் படகோட்டிகளும் கோயில் கட்டினார்கள். மணலிலும் சேற்றிலும் கனமான கட்டடத்தை நிறுத்தத் தெரிந்த கொத்தனார்கள் நிறைந்த பட்டணம் அது.

சின்ன தாத்தா சுண்ணாம்புத் தொட்டியில் கொஞ்சம் நீலமும், ஒட்டுவதற்கு வஜ்ஜிரமும் கலப்பார். மட்டையைத் தோய்த்து முதலில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, காய்ந்தபின் இடமிருந்து வலமாக இன்னொரு இழுப்பு. "செவுரு மூச்சு விடணும்டா. சுண்ணாம்பு அத உடும். சிமிட்டி உடாது" என்பார். கடலோரத்தில் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் சுவருக்குள் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் வெளியே வந்துவிடும், வருடா வருடம் மேலே ஒரு தடவை வெள்ளையடித்தால் போதும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப்போகும். உப்பு பூத்து, பூச்சு பொரிந்து விழும்போது உள்ளிருக்கும் பழைய செங்கல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். வடசென்னைக் கடலோரத்தில் ஒரு பழைய கோயிலுக்கு இது என் கண் முன்னால் நடந்தது. பெயர் சொல்ல விருப்பமில்லை. சிமெண்ட் பூசி, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டி, மேலே எனாமல் அடித்தார்கள். சில மழைக்காலத்துக்குள் டைல்ஸுக்கு மேலே வரிவரியாக ஈரம் ஏறியது. அன்பினால்தான் செய்தார்கள், நன்கொடையும் தாராளமாக வந்தது. ஆனால் அந்தச் சுவருக்கு அது நோயாகப் போயிற்று.

கோயிலுக்குள் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது ராயப்பர் சுரூபத்தைத்தான். கையில் திறவுகோல். பரலோகத்தின் சாவி என்று உபதேசியார் சொல்லித் தருவார். உலகம் முழுவதும் பேதுருவை இப்படித்தான் காட்டுகிறார்கள், சாவியோடும் சில சமயம் காலடியில் ஒரு சேவலோடும். சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை தன் குருவைத் தெரியாது என்று சொன்னவர் அவர். ஒரு புனிதரின் அடையாளமாக அவர் பயந்துபோன நேரத்தையே செதுக்கி வைக்கிற துணிச்சல் அந்தக் கலை மரபுக்கு இருக்கிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

ஆயாவுக்குச் சாவியை விடப் படகுதான் முக்கியம். ராயப்பர் கலிலேயாக் கடலில் வலை போட்டவர், தண்ணீர்மேல் நடக்கப் போய் நடுவில் பயந்து மூழ்கப் பார்த்தவர். ஆயா இந்தக் கதையைப் பக்கத்துத் தெருவில் நேற்று நடந்ததைப் போலச் சொல்லும். "காத்து வந்துச்சு, பயந்துட்டாரு. காத்து வந்தா எவனும் பயப்படுவான். கைய நீட்டினாரு பாரு, அதான் வெசயம்." மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் பிழைத்த பரம்பரை தன் பாதுகாவலராக இவரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் இருந்ததில்லை.

சுரூபங்களின் முகம் ஐரோப்பிய முகம்தான். ஆனால் அவற்றைச் சுற்றி நடப்பதெல்லாம் நம்முடையது. திருவொற்றியூர் தியாகராசர் கோயில் கொடிமரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கள் கோயில் கொடிமரம் அந்நியமாகத் தெரியாது. கொடியேற்றம், நவநாள், சப்பரம், தேர்பவனி, மல்லிகைச் சரம், சீரியல் விளக்கு, பேண்டு வாத்தியம். வேண்டுதல் நிறைவேறியவர்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர்களில் நெற்றியில் குங்குமம் இட்ட பெண்களும் இருப்பார்கள். சாமியார் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. பேதுரு, பவுல் இருவருக்கும் திருவிழா ஜூன் 29. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போன இரண்டு வாரத்தில் திருவிழா வந்துவிடுகிறது. முதல் பாடு கண்ட கையில் கொஞ்சம் காசு இருக்கும். கச்சான் காற்று சுட்டெரிக்கும் மாதம் அது. அப்படியும் தேர் புறப்படும்போது வீட்டில் ஓர் ஆள் பாக்கி இருக்க மாட்டார்.

பிரான்சிலும் இத்தாலியிலும் அச்சான சிலுவைப்பாதைப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினான்கு நிலை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு நிலையாக முழங்காலிட்டு எழுந்து போவோம். ஆறாம் நிலையில் வெரோனிக்கம்மாள் ஒரு துணியால் இயேசுவின் முகத்தைத் துடைப்பாள். அந்த இடத்தில் ஆயா எப்போதும் கொஞ்சம் அதிகமாக நிற்கும். படைவீரர்கள் சுற்றி நிற்கும்போது ஒரு பொம்பளை முன்னால் வந்தது அதற்குப் பிடித்திருந்தது. ஓவியம் பார்ப்பது என்றால் என்ன என்பதை நான் அங்கே, அந்தப் பதினான்கு படங்களில்தான் தெரிந்துகொண்டேன். மியூசியத்துக்குப் போனதெல்லாம் வெகு பின்னால்.

சபை நிர்வாகத்தின் பெரிய சண்டைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவில் 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் வந்தது. 1642-இல் கப்புச்சின் சாமியார்கள் வெள்ளையர் பட்டணத்தில் பணி தொடங்கினார்கள். 1832-இல் ரோமாபுரி நேரடியாகச் சென்னைக்கு ஒரு திருத்தூதரக ஆட்சி வட்டத்தை ஏற்படுத்தியது. அதுவே 1886-இல் உயர்மறைமாவட்டம் ஆயிற்று. ஒரே ஊரில் இரண்டு ஆயர்கள், இரண்டு ஆட்சி எல்லைகள். 1952-இல்தான் இரண்டும் ஒன்றாகிச் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் பிறந்தது. இவ்வளவு காலமும் படகோட்டியின் வீட்டில் பிள்ளை பிறந்தால் தண்ணீர் ஊற்ற ஒரு சாமியார் வேண்டும், செத்தால் மந்திரிக்க ஒரு சாமியார் வேண்டும், அவ்வளவுதான்.

லத்தீன் பூசை எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், எங்களுக்கு அவர் முதுகு தெரியும். ஆயாவுக்கு லத்தீனில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஆனாலும் எந்த இடத்தில் மணி அடிக்கும், எப்போது தலை குனிய வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும். 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். ஆயா முதலில் முணுமுணுத்தது. பிறகு வாசகங்கள் புரியப் புரிய முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மாற்றம் எங்களைப் போன்ற மீனவர், தொழிலாளர் பங்குகளுக்குக் கிடைத்த பெரிய வரம் என்று இன்றும் நம்புகிறேன்.

இனி கடலைப் பற்றி. 1861-இல் கடலுக்குள் இரும்புக் கால்கள் ஊன்றிப் பாலம் போட்டார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 புயல் அந்த வேலையைப் பிய்த்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். 1904-க்குப் பிறகு பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்று, துறைமுகத்தின் வாயையே மாற்றி அமைத்தார். கப்பல் நேராகக் கரைக்கு வந்து கட்டியதும் மசூலாப் படகுக்கு வேலை இல்லாமல் போனது. கோயிலைக் கட்டிய தொழில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் மறைந்தேவிட்டது. என் கொள்ளுத்தாத்தா துடுப்பு பிடித்தவர். தாத்தா மீனுக்குப் போனார். நைனா ஹார்பரில் சரக்கு இறக்கினார்.

துறைமுகம் தொழிலோடு கரையையும் எடுத்துக்கொண்டது. நம் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் நீட்டிய சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் அரிக்கப்பட்டன. உலகம் போற்றும் அந்தப் பெரிய கடற்கரையில் கிடக்கும் மணலில் எங்கள் பங்கும் உண்டு. ஆயா பாறைக் குவியலுக்கு அப்பால் கையை நீட்டி, "அங்கதான் எங்க ஊடு இருந்துச்சு" என்று காட்டும். அந்த இடத்தில் அலை உடைந்துகொண்டிருக்கும். 1980-களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்தது, படகு கட்ட இடம் கிடைத்தது. போன கரை திரும்பி வரவில்லை.

துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவித்த வருடங்களில் எங்கள் தெருவில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகத்தான் திரும்பி வரும். சின்ன தாத்தா அடித்த சுண்ணாம்பு அடுத்த திருவிழா வரைக்கும் தாங்காது. 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் அந்தச் சரக்குகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயின. எங்கள் சுவர் வெளுத்தது, எண்ணூர்க்காரர்கள் மூச்சில் அந்தத் தூசி ஏறியது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை எங்கள் பையன்கள் வாளியால் மொண்டு எடுத்தார்கள். கிளிஞ்சல் எடுத்த கழிமுகத்தில் இன்று சாம்பலும் எண்ணெயும் படிந்திருக்கிறது. நாளைக்கு இந்தக் கரையோரக் கோயில்களை முறையாகப் பழுது பார்க்க நினைத்தால் அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வரும் என்பதே கேள்விதான்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமியில் கரைமேல் தண்ணீர் ஏறியபோது குப்பத்து ஜனங்கள் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் நோக்கித்தான் ஓடினார்கள். அன்று எந்தச் சாமிக்கு எந்தக் கதவு என்று யாரும் பார்க்கவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டியிருந்தது. அலுவலகத்தில் பெரிய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்கள். தடித்த தாள், பழுப்பேறிய ஓரம், பூச்சி துளைத்த மூலைகள். என் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தகப்பன் பெயர், தண்ணீர் ஊற்றிய சாமியாரின் கையெழுத்து. 1563-இல் திரிதெந்தீன் சங்கம் ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கும் திருமணமும் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டதிலிருந்து உலகமெங்கும் இந்த வழக்கம் நடக்கிறது. கம்பெனிக் கணக்கில் படகுக்கு வாடகை உண்டு, நனைந்த மூட்டைக்கு நஷ்டம் உண்டு. துடுப்பு போட்டவன் எந்த வீட்டுப் பிள்ளை, யாரைக் கட்டினான், அவன் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தான் என்பதைப் பங்குப் பதிவேடுதான் எழுதியது. வடசென்னை உழைப்பாளி மக்களின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் கோட்டை ஆவணங்களுக்கு முன்னால் இந்தப் புத்தகங்களைத்தான் திறக்க வேண்டும். கோயிலின் தலைசிறந்த கலைப்பொருள் எது என்று என்னைக் கேட்டால் பீடத்தையோ சுரூபத்தையோ காட்ட மாட்டேன், அந்தப் பதிவேட்டைத்தான் காட்டுவேன்.

ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரைக்கும் இந்தக் கரையில் இருக்கும் பங்குத் தந்தையரிடமும் பங்குப் பேரவைக்காரர்களிடமும் என் வேண்டுகோள் இரண்டு. பழைய சுவரில் கை வைக்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாவது, உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய பதிவேடுகளை அடுத்த மழைக்காலத்துக்குள் படம் பிடித்து, ஒரு படியை உயர்மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் கொடுத்து வையுங்கள். செலவு ஒரு தேர் விளக்கு அலங்காரத்தை விடக் குறைவாகத்தான் ஆகும்.